வைத்திய நிபுணரிடம் போகுமுன் ஒரு பக்கம்

(மாத்தளையில் பொதுமக்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் எந்த ஒரு நோயைப் பற்றியும் பேச வரவில்லை. விசேட வைத்திய நிபுணரைப் பார்க்கப் போகும் நாளுக்கு முதல் நாள் இரவு, வீட்டில் உட்கார்ந்து செய்யவேண்டிய ஒரு வேலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு தாள், ஒரு பேனை, கொஞ்ச நேரம் இருந்தால் போதும். அந்த வேலையைச் செய்துவிட்டுப் போகிறவருக்குக் கிடைக்கும் வைத்தியம், வெறுங்கையோடு போகிறவருக்குக் கிடைப்பதைவிட மேலானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கான காரணத்தை முதலில் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் ஹாம்ப்டன் என்ற வைத்தியரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஓர் ஆய்வு நடத்தி, 1975 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டார்கள். கிளினிக்குக்குப் புதிதாக வந்த 80 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். குடும்ப வைத்தியர் கொடுத்தனுப்பிய கடிதத்தை வாசித்ததும் ஒரு முடிவு எழுதினார்கள். நோயாளி சொன்னதைக் கேட்டதும் ஒரு முடிவு எழுதினார்கள். உடம்பைச் சோதித்துப் பார்த்த பின் இன்னொரு முடிவு. இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் முடிந்து, நோய் இன்னதென்று தீர்மானமான பின் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 80 பேரில் 66 பேருக்கு, நோயாளியின் வாய்மொழியைக் கேட்டு முடித்த நிலையிலேயே நோய் சரியாகப் பிடிபட்டிருந்தது. உடம்பைச் சோதித்ததால் தெளிவு கிடைத்தது 7 பேருக்கு. ஆய்வுகூடப் பரிசோதனையால் தெளிவு கிடைத்தது இன்னுமொரு 7 பேருக்கு.

இன்றைக்கு ஸ்கேன் இருக்கிறது, எம்ஆர்ஐ இருக்கிறது, எக்கோ இருக்கிறது. ஆனாலும் எந்த ஸ்கேன் எடுப்பது, எந்த இரத்தப் பரிசோதனை செய்வது என்று தீர்மானிப்பதற்கு, நீங்கள் சொல்வதைத்தான் டொக்டர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நீங்கள் பிழையாகச் சொன்னால், எவ்வளவு நல்ல மெஷினும் பிழையான இடத்தையே படம் பிடிக்கும்.

அப்படியானால் சொல்வதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது? 67 நாடுகளின் தகவல்களைத் திரட்டி 2017 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, உலக மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வாழும் நாடுகளில் நோயாளி முதலில் போய்ப் பார்க்கும் வைத்தியரோடு இருக்கும் நேரம் சராசரியாக ஐந்து நிமிடமோ அதற்கும் குறைவோதான். அந்த நேரத்திலும் நோயாளி பேசி முடிக்கும் வரை வைத்தியர் பொறுத்திருப்பதில்லை. அமெரிக்காவில் பெக்மன், பிராங்கல் என்ற இருவர் 1984 இல் கணக்கெடுத்தபோது, நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடிக்குள் வைத்தியர் இடைமறித்துவிட்டார் என்று கண்டார்கள்.

மனத்துக்குத் தெம்பு தரும் இன்னொரு ஆய்வும் இருக்கிறது. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரப் பல்கலைக்கழக வைத்தியசாலையில், நோயாளி தானாக நிறுத்தும் வரை குறுக்கே பேசாமல் இருக்கும்படி வைத்தியர்களிடம் சொல்லிப் பார்த்தார்கள். மணிக்கணக்கில் பேசுவார்கள் என்று பயந்தவர்கள் உண்டு. 2002 இல் வெளியான முடிவோ, சராசரி 92 விநாடி என்றது. பத்துப் பேரில் கிட்டத்தட்ட எட்டுப் பேர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். ஒரு மனிதனின் வருத்தத்தைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தையும் ஒழுங்குபடுத்தி எடுத்துக்கொண்டு போவதுதான் நான் சொல்லும் ஆயத்தம்.

இது உலகத்தில் எல்லாருக்கும் பொருந்தும். நமது மாவட்டத்துக்கு ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது என்று பாருங்கள்.

கம்மடுவவிலோ எல்கடுவவிலோ ஒரு தோட்டத்து லயத்தில் ஒரு தாய்க்கு மூச்சு வாங்குகிறது. முதலில் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போகிறார். அங்கே தீராவிட்டால் பக்கத்துப் பிரதேச வைத்தியசாலை. அங்கிருந்து துண்டு எழுதி மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அனுப்புகிறார்கள். இன்னும் பெரிய பரிசோதனை வேண்டுமென்றால் சுமார் 25 கிலோமீற்றர் தள்ளிக் கண்டி தேசிய வைத்தியசாலை, அல்லது பேராதனை போதனா வைத்தியசாலை. சிறு பிள்ளை என்றால் பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை. இடையில் வருத்தம் பொறுக்காமல், கையிலிருந்த காசைத் திரட்டி டவுனில் ஒரு நிபுணரைச் சனல் பண்ணியும் பார்த்திருப்பார். இப்படி ஒரே உடம்பை ஐந்து இடத்தில் ஐந்து பேர் பார்க்கிறார்கள். ஒருவர் எழுதியது மற்றவரிடம் எப்போதும் போய்ச் சேர்வதில்லை. எல்லா இடத்திலும் மாறாமல் இருப்பவர் நோயாளி ஒருவர்தான். ஆகவே நடந்ததைச் சேர்த்துவைக்கும் பொறுப்பும் அவர் தலையில்தான் விழுகிறது.

இலங்கையில் அரசாங்க வைத்தியசாலையில் கட்டணம் இல்லை. அது நமது நாட்டின் பெரிய சாதனை. ஆனால் கிளினிக் போகும் நாளில் தோட்டத் தொழிலாளிக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். பஸ்ஸுக்குக் காசு வேண்டும். விடியுமுன் எழும்பி நம்பர் எடுக்க வேண்டும். துணைக்கு வருகிறவருக்கும் ஒரு பேர் போகும். இவ்வளவையும் கொடுத்துவிட்டு, “பழைய ரிப்போர்ட்டைக் கொண்டுவரவில்லையா? அடுத்த மாதம் கொண்டு வாங்க” என்ற பதிலோடு திரும்பி வருவது எவ்வளவு பெரிய நட்டம்! அந்த நட்டத்தைத் தவிர்ப்பது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது.

இனி அந்த ஒரு பக்கத்துக்கு வருவோம். அதில் எதை எழுதுவது?

முதல் வரியில், எதற்காக வந்திருக்கிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். “மூன்று மாதமாக மேடு ஏறும்போது மூச்சு வாங்குகிறது” என்பது நல்ல வாக்கியம். பல வருத்தங்கள் இருக்கலாம். முழங்கால் நோவும் இருக்கும், கண் மங்கலும் இருக்கும். எது உங்களை இன்று இங்கே கொண்டுவந்ததோ அது முதலில் வரட்டும். மற்றவை கீழே வரட்டும். நமது பழக்கம் இதற்கு நேர்மாறானது. சின்னச் சின்ன விசயங்களை எல்லாம் சொல்லிவிட்டு, எழும்பிக் கதவடிக்குப் போன பிறகு, “இன்னொன்று டொக்டர், மார்பில் ஒரு கட்டி மாதிரி இருக்கிறது” என்று சொல்லும் தாய்மார் இருக்கிறார்கள். வெட்கமும் பயமும்தான் காரணம் என்பது எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் வாயால் சொல்லத் தேவையில்லை. தாளில் முதல் வரியாக எழுதி நீட்டிவிடுங்கள்.

இரண்டாவது, எப்போது தொடங்கியது. வயதானவர்களுக்குத் திகதி நினைவிராது. அதற்கு வழி இருக்கிறது. முத்துமாரியம்மன் கோயில் மாசி மகத் தேருக்கு முன்னா பின்னா, பொங்கலுக்கு முன்னா பின்னா, பேத்தி பிறக்கும்போது இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். சரியாகச் சொல்லிவிடுவார்கள். “கொஞ்ச நாளாக” என்ற பதிலால் டொக்டருக்கு ஒரு பயனும் இல்லை. இரண்டு கிழமை இருமலுக்கும் இரண்டு வருச இருமலுக்கும் தேடவேண்டிய நோய்கள் வேறு வேறு.

மூன்றாவது, அது எப்படி இருக்கிறது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது. இங்கேதான் நம்மவர்கள் பெரிதாகத் தடுமாறுகிறார்கள். என்ன செய்கிறது என்று கேட்டால் நோயின் பேரைச் சொல்கிறார்கள். “கேஸ்ட்ரைட்டிஸ்” என்பது இந்த நாட்டில் எல்லார் வாயிலும் புழங்கும் பேர். நெஞ்சுக்குள் இறுக்கினாலும் கேஸ்ட்ரைட்டிஸ், மேல்வயிறு எரிந்தாலும் கேஸ்ட்ரைட்டிஸ். மாரடைப்பின் ஒரு வகை மேல்வயிற்று நோவாகவே வரக்கூடும். நீங்களே பேர் வைத்துக்கொண்டு போனால், கேட்பவரின் கவனமும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். ஆகவே பேரை விடுங்கள், உடம்பு உணர்வதைச் சொல்லுங்கள். எரிகிறதா, குத்துகிறதா, கல்லை வைத்தது போல அழுத்துகிறதா? சாப்பிட்டால் கூடுகிறதா, நடந்தால் கூடுகிறதா? உட்கார்ந்தால் விடுகிறதா? கைக்கோ தாடைக்கோ ஏறுகிறதா? தலை சுற்றுகிறது என்றால், அறையே சுழல்கிறதா, எழும்பும்போது கண் இருட்டுகிறதா, நடக்கும்போது தள்ளாடுகிறதா? இந்த மூன்றுக்கும் காரணங்கள் வேறு.

நான்காவது, பழைய கதை. முன்பு வந்த நோய்கள், செய்த ஒப்பரேஷன்கள், வாட்டில் இருந்த நாட்கள், ஒத்துக்கொள்ளாத மருந்து, குடும்பத்தில் சீனி வருத்தம், இருதய நோய், புற்றுநோய் உண்டா என்பவை. கூடவே, வெற்றிலை, புகையிலை, சாராயம் ஆகியவற்றை உள்ளபடி எழுதுங்கள். இலங்கை ஆண்களிடம் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். புகையிலை சேர்த்து வெற்றிலை போடுவது அதற்கு முக்கிய காரணம். டொக்டர் ஏசுவார் என்று இதை மறைத்தால், வாயைத் திறந்து பார்க்க அவருக்குத் தோன்றாமலே போகலாம். அவர் ஏசினாலும் பரவாயில்லை, பார்த்துவிடட்டும்.

அடுத்தது மருந்து. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டும்.

வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் உறையோடு ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். “பிரஷருக்கு ஒரு வெள்ளைக் குளிசை” என்று சொன்னால் எந்த நிபுணருக்கும் விளங்காது. வெள்ளைக் குளிசைகள் ஆயிரம் இருக்கின்றன. ஒரே மருந்து பல கம்பெனிப் பேர்களில் வருகிறது. ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் தந்த மருந்தும், சனல் பண்ணிய இடத்தில் எழுதிய மருந்தும் பேரில் வேறாக இருந்து, உள்ளே ஒன்றாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் இரட்டை அளவு உடம்பில் ஏறும். பிரஷர் விழுந்து மயங்குவார்கள், சீனி இறங்கி வியர்த்துச் சாய்வார்கள்.

இந்த ஆபத்தை நமது நாட்டிலேயே ஒரு மனிதர் அரை நூற்றாண்டுக்கு முன் கண்டு சொன்னார். பேராசிரியர் சேனக பிபிலே மருந்தியல் பேராசிரியராகவும் பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகவும் இருந்தவர். கம்பெனிப் பேரில் எழுதாமல், மருந்தின் சொந்தப் பேரில் எழுதவேண்டும் என்று போராடினார். 1971 இல் உருவான அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனம் அவருடைய உழைப்பில் எழுந்தது. உலக நாடுகள் பலவும் அவருடைய கொள்கையைப் படித்துப் பார்த்தன. அவர் நமக்கு விட்டுச்சென்ற பாடத்தை ஒவ்வொரு வீட்டிலும் கடைப்பிடிக்கலாம். உறையில் கொட்டை எழுத்திலுள்ள கம்பெனிப் பேரோடு, சின்ன எழுத்திலுள்ள மருந்தின் பேரையும், மில்லிகிராம் அளவையும், ஒரு நாளைக்கு எத்தனை தரம் குடிக்கிறீர்கள் என்பதையும் அந்தப் பக்கத்தில் எழுதிவையுங்கள். எழுதித் தந்தும் குடிக்காமல் விட்டது எது என்பதையும் எழுதுங்கள். அது மிக முக்கியம். குடிக்காத மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து டொக்டர் அளவைக் கூட்டிவிட்டால், பிறகு நீங்கள் உண்மையாகவே குடிக்கத் தொடங்கும் நாளில் அது பெரிய அளவாகிவிடும்.

கடையில் வாங்கும் நோவு மருந்தையும் மருந்தாக நினையுங்கள். டைக்ளோபெனக் போன்ற நோவு மாத்திரைகள் பழுதடைந்த சிறுநீரகத்தை மேலும் பழுதாக்கும். நமது மாவட்டத்தின் கிழக்கே வில்கமுவப் பக்கம், காரணம் முழுமையாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோயோடு எத்தனையோ விவசாயக் குடும்பங்கள் வாழ்கின்றன. வயலில் குனிந்து வேலை செய்கிறவருக்கு முதுகு நோவு வரத்தான் செய்யும். அதற்கு என்ன வாங்கி விழுங்குகிறார் என்பது சிறுநீரக நிபுணருக்குக் கட்டாயம் தெரியவேண்டும்.

நாட்டு மருந்தும் அப்படித்தான். மாத்தளையில் ஏ9 வீதியோரம் வாசனைத் திரவியத் தோட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. எண்ணெய், சூரணம், களிம்பு எல்லாம் நமக்குக் கிட்டவே கிடைக்கின்றன. சீனி வருத்தத்துக்குக் கொத்தல ஹிம்புட்டு குடிக்காத வீடு குறைவு. அதன் மரத்தில் கடைந்த கோப்பையில் இரவு தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடிப்பவர்கள் உண்டு. இதை நான் குறைவாகப் பேசமாட்டேன். கொத்தல ஹிம்புட்டுத் தேநீர் கொடுத்து இலங்கையில் நடத்திய ஆய்வொன்று 2005 இல் வெளியானது. சீனியின் மூன்று மாதக் கணக்கைக் காட்டும் எச்பிஏ1சி அளவு அதில் குறைந்திருந்தது. அது வேலை செய்கிறது என்பதால்தான் டொக்டரிடம் சொல்லவேண்டும் என்கிறேன். அதுவும் சீனியைக் குறைக்கிறது, குளிசையும் குறைக்கிறது என்றால் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க ஒருவர் வேண்டும்.

ரிப்போர்ட்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லாவற்றையும் திகதி வரிசையில் அடுக்கி ஒரே கோப்பில் வையுங்கள். கிளினிக் கொப்பி, ஈசிஜி, ஸ்கேன், ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டும்போது தந்த நோய் நிர்ணய அட்டை, ஒன்றையும் எறியாதீர்கள். சிறுநீரக நோயாளியின் கிரியட்டினின் இன்று எவ்வளவு என்பதைவிட, இரண்டு வருசத்தில் எப்படி ஏறி வந்திருக்கிறது என்பதே நிபுணருக்குக் கூடுதலாகச் சொல்லும். ரிப்போர்ட்டிலுள்ள பேரையும் பாருங்கள். நமது பேர்கள் அடையாள அட்டையில் ஒரு மாதிரியும், கொப்பியில் ஒரு மாதிரியும், ஆய்வுகூடத்தில் இன்னொரு மாதிரியும் பதிவாகின்றன. அடையாள அட்டையிலுள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதச் சொல்லுங்கள்.

வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சாப்பிடாமல் வரச் சொன்னால் மருந்தையும் விடவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பிரஷர்க் குளிசையைக் காலையில் விட்டுவிட்டு வந்து, பிரஷர் கூடியிருக்கிறது என்று மருந்து கூட்டப்பட்டுத் திரும்புகிறார்கள். வேறு சிலர் வழக்கம்போல இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வரிசையில் நின்று மயங்குகிறார்கள். எந்த மருந்தைக் குடிப்பது, எதை நிறுத்துவது என்று முதல் தடவை போகும்போதே நேர்ஸ் மிஸ்ஸிடமோ டொக்டரிடமோ கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிக்கலாமா என்பதையும் கேளுங்கள். சாயம் ஏற்றும் ஸ்கேன் என்றால் சிறுநீரக நோய், ஒவ்வாமை, மெட்ஃபோமின் குடிப்பது ஆகியவற்றைச் சொல்லுங்கள். எம்ஆர்ஐ என்றால் உடம்புக்குள் பேஸ்மேக்கரோ வேறு உலோகமோ இருப்பதைச் சொல்லுங்கள்.

இனி மொழி. தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழிகளில் ஒன்று. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் அதை உறுதிசெய்தது. அந்த உரிமையைக் கேட்டு வாங்க வேண்டும், அதற்காகப் பேச வேண்டும். அதே நேரத்தில் நாளைக் காலை கிளினிக்குக்குப் போகும் அம்மாவுக்கு உடனே ஒரு வழி வேண்டும். அந்த வழியும் இந்தப் பக்கம்தான். நமது டொக்டர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் மருத்துவம் படித்தவர்கள். படிக்கும் பிள்ளை ஒன்று தமிழில் எழுதியதைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பக்கத்திலேயே எழுதிவிட்டால், தமிழ் தெரியாத டொக்டரும் அரை நிமிடத்தில் வாசித்துக்கொள்வார். தமிழில் உள்ளதை அழித்துவிடாதீர்கள். நோயாளிக்குத் தன் கையிலுள்ளது என்னவென்று தெரியவேண்டும்.

துணைக்கு யாரைக் கூட்டிக்கொண்டு போவது என்பதையும் யோசித்து முடிவு செய்யுங்கள். பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க நிற்கவைக்காதீர்கள். அம்மாவின் மாதவிடாய்ப் பிரச்சினையை மகன் வாயால் சொல்லமாட்டான், அம்மாவும் அவன் முன் சொல்லமாட்டார். வயதுவந்த ஒரு பெண் துணைக்குப் போகட்டும். ஒருவரும் இல்லாவிட்டால் உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடம் முன்கூட்டியே பேசி, பக்கத்தை அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டொக்டரின் அறைக்குள் நீங்கள் கேட்கவேண்டியவை மூன்று. எனக்கு இருக்கும் முக்கியப் பிரச்சினை என்ன? நான் செய்யவேண்டியது என்ன? அதை ஏன் செய்யவேண்டும்? அமெரிக்காவில் நோயாளர் பாதுகாப்புக்காக உழைப்பவர்கள் இந்த மூன்று கேள்விகளையும் மக்களிடம் பரப்பினார்கள். நமக்கும் அவை போதும். தாளின் அடியில் எழுதி, பதிலுக்கு இடம் விட்டுவையுங்கள். பதிலைக் கேட்டதும் அங்கேயே எழுதுங்கள். வைத்தியர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளிக்கு உடனேயே மறந்துபோகிறது என்று 2003 இல் வெளியான ஒரு மீளாய்வு காட்டுகிறது. நினைவிருப்பதிலும் கிட்டத்தட்டப் பாதி பிழையாகவே நினைவிருக்கிறது. ஆகவே எழும்புமுன், “நான் விளங்கிக்கொண்டதைச் சொல்லுகிறேன், சரியா டொக்டர்?” என்று திருப்பிச் சொல்லிப் பாருங்கள். இது மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். பிழை நேராமல் காக்கும் இந்தப் பழக்கத்தை நல்ல வைத்தியர் எவரும் வரவேற்பார்.

ஒரு விசயத்தில் மட்டும் இந்த ஆயத்தம் எல்லாம் தள்ளி நிற்கட்டும். திடீரென்று நெஞ்சு இறுகி வியர்த்தால், முகமோ கையோ ஒருபக்கம் இழுத்தால், பேச்சுக் குழறினால், மூச்சு முட்டினால், கிளினிக் நாளுக்குக் காத்திராதீர்கள். 1990 க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். எழுதிவைத்த பக்கத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு ஏறுங்கள். பேச முடியாத நோயாளிக்காக அது பேசும்.

இளைஞர்களே, நான் கடைசியாகச் சொல்லப்போவது உங்களுக்கு. உங்கள் தாத்தாவும் அம்மாயியும் இந்த மலைகளில் உழைத்துத்தான் உங்களை எழுதப் படிக்க வைத்தார்கள். அவர்களில் பலருக்கு ஒரு படிவம் நிரப்பவும் இன்னொருவர் கை வேண்டியிருந்தது. இன்று உங்கள் கை இருக்கிறது. தோட்டத்து வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ, ஞாயிறு காலை இரண்டு மூன்று பேர் பேனையோடு உட்காருங்கள். கிளினிக் போகும் பெரியவர்களை அழைத்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுங்கள். ஆண்பிள்ளைகளிடம் சொல்லக் கூச்சப்படும் பெண்களுக்குப் பெண்பிள்ளைகள் தனியாக எழுதிக் கொடுங்கள். கேட்டதை வெளியே பேசமாட்டோம் என்று உறுதி எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பணம் வேண்டாம், கட்டடம் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம்.

இங்கே இருக்கும் ஒவ்வொருவரும் இன்று வீட்டுக்குப் போய், அடுத்த கிளினிக் யாருக்கு, எந்தத் திகதியில் என்று கேளுங்கள். அந்தத் திகதிக்கு முன் அந்த ஒரு பக்கம் எழுதி முடிந்திருக்க வேண்டும். அதைச் செய்துவிட்டால் நமது பெரியவர்கள் நிபுணரின் முன்னால் தலைகுனிந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வரமாட்டார்கள். தங்கள் உடம்பைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்ததை முழுமையாகச் சொல்லி, அதற்குரிய வைத்தியத்தைப் பெற்று வருவார்கள்.